தூசி இல்லாத தளத்தில் ஒரு மடிக்கணினி

வடமுனை நிலக்கரித் தளத்தில் தூசி கிடையாது. இது நிர்வாகத்தின் கொள்கை முடிவு. கப்பலிலிருந்து கரி இறங்கும், மலை மலையாகக் குவியும், லாரி லாரியாக வெளியே போகும். தூசி மட்டும் கிடையாது. மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவர்கள் ஒருமுறை கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து காட்டினார்கள். அது ஆதியில் கறுப்பு வேட்டிதான், துவைத்துத் துவைத்து வெளுத்துக்கொண்டு வருகிறது என்று நிர்வாகம் எழுத்துமூலமாகப் பதில் கொடுத்தது. வந்தவர்கள் அந்தப் பதிலை அதே வேட்டியில் முடிந்துகொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

தூசி இல்லாத அந்தத் தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வேலை முடிந்ததும் ஆளுக்கொரு வெல்லக்கட்டி உண்டு. தொண்டையில் படிந்ததை வெல்லம் கீழே இறக்கிவிடும் என்று வெகுகாலமாக இருந்துவருகிற வழக்கம். ஆனால் படிவதற்குத் தூசியே இல்லாத இடத்தில் வெல்லம் எதற்கு என்று தணிக்கைக்காரர் கேட்டுவிட்டால் என்ன செய்வது? அதனால் கணக்கில் அதற்குப் 'பண்டிகை இனிப்பு' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற எல்லா நாளும் அங்கே பண்டிகைதான்.

ஜெயவேல் அங்கே கரி வாருகிறவன். வீடு புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில், மூன்றாவது மாடி. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் பாசஞ்சர் ரயில் மாதிரி நின்று நின்றுதான் வீடு போய்ச் சேருவான். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கொஞ்ச காலமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினான். அவன் பெண்டாட்டி ரமாபாய் வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் காஜா அடிப்பவள். "படுத்துத் தூங்கற ஆளா பாத்து எங்கப்பன் கட்டி குடுத்திருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே தன் தலையணையை அவன் முதுகுக்குக் கொடுப்பாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனை இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான். அங்கிருந்த டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே கரி பக்கம் போகக் கூடாதும்மா. போனா ரொம்ப நாள் தாங்காது" என்று அவளிடம் சொன்னார். அவனிடம் சொல்லவில்லை. அவன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

தளத்துக்கென்று ஒரு மருத்துவ அலுவலர் உண்டு. அவர் ஜெயவேலின் சட்டைமேலேயே குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "பருவநிலை" என்றார்.

"எந்தப் பருவம் சார்?"

"எல்லாப் பருவமும்தான்."

ஆனாலும் அவர் ஈரமில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. இலகுப் பணிக்குச் சிபாரிசு செய்தார். வாசல் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லாரிக்குச் சீட்டுக் கிழிக்கிற வேலை. கரிக்குவியலிலிருந்து வெகு தூரம். கையில் உத்தரவு வந்த அன்றே ஜெயவேல் போய் உட்கார்ந்துகொள்ளலாம். உத்தரவு மடிக்கணினியிலிருந்து வரவேண்டும், அவ்வளவுதான்.

அந்த மடிக்கணினி தலைமை அலுவலகத்தில் பல அதிகாரிகளுக்கு உழைத்துக் களைத்து, இனி இங்கே உதவாது என்று ஆனபின் மாலை போட்டுத் தளத்துக்கு அனுப்பப்பட்டது. வந்த அன்று மேலாளர் அதற்குக் கற்பூரம் காட்டிவிட்டுப் பேசினார். "இன்று முதல் இந்தத் தளம் காகிதத்திலிருந்து விடுதலை பெறுகிறது" என்றார். நல அலுவலகத்து எழுத்தர் ஐரீன், அதுவரை இருந்த கோப்புகளை எல்லாம் அதற்குள் ஏற்றி முடித்ததும் பழைய பேப்பர்காரனைக் கூப்பிட்டுக் காகிதத்தை மூட்டை மூட்டையாகப் போட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை மடிக்கணினி நின்றுவிட்டது.

ஜெயவேல் நல அலுவலகத்து ஜன்னலில் தலையை நீட்டினான்.

"மேடம், நம்ம ஆர்டரு இன்னா ஆச்சு?"

"உள்ள இருக்குண்ணா."

"உள்ளன்னா?"

ஐரீன் மடிக்கணினிப் பெட்டியை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். திரையில் நல்ல நீல வானம். அதில் வெள்ளை வெளேரென்று மேகம். அடியில் ஓடவேண்டிய ஒரு கோடு முக்கால் தூரம் வந்து அப்படியே நின்றிருந்தது.

ஜெயவேல் கொஞ்ச நேரம் அந்த வானத்தையே பார்த்தான். "ஷோக்கா கீது மேடம். எந்த ஊரு இது?"

"எந்த ஊரும் இல்லண்ணா. ஸ்டார்ட் ஆவும்போது முதல்ல வானம் காட்டும், அப்புறம் உள்ள போவும். இது வானத்தோட நின்னுடுச்சி."

"தட்டிப் பாத்தீங்களா?"

"தட்டியாச்சு. அணைச்சு அணைச்சுப் போட்டாச்சு. பேட்டரிய கழட்டி மாட்டியாச்சு. மாதா கோயில்ல மெழுகுவத்தியும் ஏத்தியாச்சு."

"ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்களேன்."

"பேப்பர்தான் ஒழிச்சாச்சேண்ணா."

அந்த வழியாக வந்த மேலாளர் நின்று விசாரித்தார். கீழே இருக்கிறவர்களிடம் இதமாகப் பேசக்கூடியவர் என்று அவருக்குப் பெயர். "உங்க உத்தரவு எங்கயும் போயிடலைப்பா" என்றார். "ரொம்பப் பத்திரமா இருக்கு. யாராலயும் எடுக்க முடியாத அளவுக்குப் பத்திரம். பழைய பேப்பர் முறையில இந்தப் பாதுகாப்பு உண்டா, சொல்லுங்க?"

ஜெயவேல் அந்த வானத்தை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டான். குவியலுக்குத் திரும்பிப் போனான்.

*

ஐரீன் தினமும் காலையில் தன்னந்தனியாக ஓர் இயந்திரத்தைத் துவக்க முயல்கிறாள் என்கிற செய்தி சங்கச் செயலாளர் ஷாகுல் ஹமீதின் காதுக்கு எட்டியது. அவர் கொதித்துப்போனார். தளத்துக்குள் எந்த இயந்திரத்தையும் ஒற்றை ஆள் துவக்கக் கூடாது, அதற்கென்று ஒரு கேங்கு இருக்கவேண்டும் என்று நிர்வாகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது. கிரேன் விழுந்து ஆள் செத்த காலத்தில் போட்ட நல்ல ஒப்பந்தம். மடிக்கணினிக்கு அது பொருந்தாது என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"சின்ன மிஷினு பெரிய மிஷினுன்னு தொழிலாளி வர்க்கம் பேதம் பாக்காது" என்று அவர் கேட் கூட்டத்தில் முழங்கினார்.

கேங்கு அமைந்தது. மூடியைத் தூக்க ஓர் ஆள். பொத்தானை அமுக்க ஓர் ஆள். சிக்னல் கொடுக்க ஜெயவேலின் தோஸ்து தமீம். இவர்களுக்கு மேல் ஓர் உபரி ஆள்: இன்ன வேலை என்று எழுதப்படாத வேலை எது வந்தாலும் அவன் பொறுப்பு. அந்த இடத்தை ஷாகுல் ஹமீது ஜெயவேலுக்குக் கொடுத்தார். "ஒன் ஆர்டரு உள்ள கீது. பக்கத்துல நீ இருந்தாதான் அதுக்கும் ஒரு தெம்பு" என்றார்.

காலையில் சங்கு ஊதியதும் கேங்கு ஐரீனின் அறைக்குள் வரிசையாகப் போகும். பெட்டிக்குச் சூடு ஆகாது என்று அங்கே ஏசி போட்டிருந்தார்கள். அங்கே நுழைந்ததும் ஜெயவேலின் மூச்சு கொஞ்சம் லேசாக ஓடும். தமீம் பச்சைக் கொடியைப் பிடித்து விசிலை வாயில் வைத்துக்கொள்வான்.

"அல்லாரும் தள்ளிக்கோ. லைன் கிளியரா?"

"கிளியரு."

விசில் ஊதும். மூடி எழும்பும். பொத்தான் அமுங்கும். உள்ளே விசிறி கரகரவென்று இழுக்கும். நீல வானம் வரும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை யாரும் பார்த்திராத வானம் என்பதால் எல்லாரும் வாய் பேசாமல் பார்ப்பார்கள். கோடு முக்கால் தூரம் ஓடி நிற்கும். தமீம் கொடியைத் தாழ்த்துவான். அன்றைய முயற்சி முடிந்தது. ஏசியை விட்டுக் கரிக்குப் போகவேண்டியதுதான்.

"மாமு, பொட்டி இழுக்குது பாரு, அச்சா உன்னாட்டமே" என்றான் தமீம் ஒருநாள். "உனுக்கும் அதுக்கும் ஒரே சீக்கு."

"அத்த ஏசில வெச்சிகீறாங்கோ. என்னிய எங்க வெச்சிகீறாங்கோ?"

"நீயும் மூடி வெச்சிகினு பொறந்திருக்கணும் மாமு."

*

ஒரு மாதம் போனது. கடைசியில் ஐரீனே கெஞ்சிக் கூத்தாடி ரிச்சி தெருவிலிருந்து அஃப்ரித் என்கிற கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரவழைத்தாள். மேலாளர், மருத்துவ அலுவலர், ஷாகுல் ஹமீது எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். கேங்கு சுவரோரம் நின்றது. அஃப்ரித் பெட்டியைக் கவிழ்த்து நாலு திருகாணியைக் கழற்றினான். விளக்கைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தான். சிரித்துவிட்டான்.

"இதுக்கா சார் கூப்ட்டீங்க? ஃபேன்ல கரித்தூசி அடைச்சிகினு கீது. காத்து போவல. சூடு ஏறி பாதி வழியில நின்னுடுது. பிரஷ் போட்டு ஒரு ஊது ஊதினா ஓடும். பத்து நிமிஷம்."

மேலாளர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்ன தூசி?" என்றார் மேலாளர்.

"கரித்தூசி சார். வெளிய மலையாட்டம் கொட்டி வெச்சிகீறீங்களே, அதோடது."

"தம்பி, உக்காருங்க. டீ சாப்பிடுங்க." மேலாளர் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார். "நீங்க சொல்றது தொழில்நுட்பம். நாங்க பாக்கவேண்டியது நிலைப்பாடு. இந்தத் தளத்துல தூசி இல்லைன்னு கோர்ட்டுல சொல்லியிருக்கோம். ஊர்க்காரங்ககிட்ட சொல்லியிருக்கோம். இன்னிக்கு ஒரு சின்ன விசிறிக்குள்ள தூசி இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு என்ன கேப்பாங்க? பெட்டிக்குள்ள போனது ஆளுக்குள்ள போகாதான்னு கேப்பாங்க. அப்ப எத்தனை பேரைத் திறந்து பாக்கறது? நடக்கற காரியமா?"

"நான் ஆளையெல்லாம் தொறக்க சொல்லல சார். பொட்டிய..."

"அதான் சொல்றேன். ஆரம்பத்துலயே மூடிடணும்."

அஃப்ரித் திருகாணியை மாட்டினான். டீயைக் குடித்தான். போகும்போது ஜன்னலோரம் ஐரீனிடம், "அக்கா, இங்க கீறவங்கல்லாம் நல்லாதான கீறாங்க?" என்று கேட்டான்.

"நீ வீட்டுக்குப் போப்பா" என்றாள் ஐரீன்.

ஜெயவேலுக்கு அன்று முழுக்கக் குவியலில் கை ஓடவில்லை. பத்து நிமிஷ வேலை. பத்து நிமிஷம் அந்தப் பெட்டியை ஊதிவிட்டிருந்தால் அவன் இந்நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். வீட்டுக்கு வந்து ரமாபாயிடம் சொன்னான்.

"தூசி இல்லன்னா உன் மூக்குலேர்ந்து வர்றது இன்னா, கண் மையா?" என்றாள் அவள். "நீ நாளைக்கு போய் அந்த மேனேஜரு மேசைமேல மூக்க சிந்திட்டு வா. நான் பாத்துக்கறேன்."

*

பெட்டிக்குள் இருப்பது என்னவென்று முடிவு செய்யும் பொறுப்பு மருத்துவ அலுவலரிடம் வந்தது. இயந்திரத்தைச் சோதிப்பது தன் படிப்பில் இல்லையே என்று அவர் முதலில் தயங்கினார். ஆட்களைச் சோதிக்கிற மாதிரியே சோதியுங்கள் என்று மேலாளர் சொன்னதும் அவருக்குத் தயக்கம் போய்விட்டது. மூடியின்மேல் குழாயை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"பருவநிலை" என்றார்.

பெட்டிக்கு ஓய்வு எழுதினார். முழு ஏசி எழுதினார். அப்புறம், இதே குறை உள்ள பணியாளர்களுக்குத் தளத்தில் என்ன நடைமுறையோ அதையே இதற்கும் செய்யலாம் என்று எழுதினார். நல அலுவலகத்தில் அதைப் படித்துப் பார்த்து யோசித்தார்கள். இதே குறை உள்ளவர்களுக்கு நடைமுறை என்றால் வெல்லம்தான். மறுநாளிலிருந்து பெட்டியின் விசைப்பலகைமேல் தினமும் ஒரு வெல்லக்கட்டி வைக்கப்பட்டது. பண்டிகை இனிப்பு வாங்குகிறவர்களின் பட்டியலில் ஒரு பெயர் கூடியது.

இரண்டாம் நாளே எறும்பு வந்தது. விசைகளின் சந்துகளில் நுழைந்து குடும்பம் குட்டியோடு குடியேறியது. ஐரீன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெல்லத்தை எடுக்கலாமா என்று கேட்டதற்கு, பணியாளர் ஒருவருக்கு வழங்கிவிட்ட சலுகையைத் திரும்பப் பெற முடியாது என்று ஷாகுல் ஹமீது சொல்லிவிட்டார்.

ஆனால் எறும்பால் ஒரு நன்மையும் விளைந்தது. வழக்கம்போல ஒருநாள் காலை கோடு முக்கால் தூரத்தில் நின்றபோது, அதன் நுனியிலிருந்து கறுப்பாக ஏதோ கொஞ்சம் நகர்ந்தது.

"நவுருது சார்" என்று தமீம் விசிலைத் துப்பிவிட்டுச் சொன்னான்.

மேலாளரை ஓடிப்போய்க் கூட்டிவந்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். நகர்ந்தது உண்மைதான். ஒரு விரற்கடை தூரம் வலது பக்கம் போனது. சற்று நின்றது. அப்புறம் மேல்நோக்கி ஏறி மேகத்துக்குள் போயிற்று.

"மேகத்துக்குள்ள போவுது சார்" என்றான் தமீம், குரலை அடக்கிக்கொண்டு.

அது எறும்பு என்று ஐரீனுக்குத் தெரியும், ஜெயவேலுக்குத் தெரியும், இரண்டாவது தரம் பார்த்தபோது மேலாளருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் 'குறிப்பிடத்தக்க முன்னேற்றம்' என்று தலைமை அலுவலகத்துக்கு ஃபோனில் சொல்லியாகிவிட்டது. சொன்னதை மாற்றிச் சொல்லும் பழக்கம் நிர்வாகத்தில் இல்லை.

பெட்டியைக் காற்றோட்டமான இடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றும் ஒரு யோசனை எழுந்தது. இடம் தேடி ஒரு குழு கிளம்பியது, ஜீப்பில். முகத்துவாரக்குப்பத்தில் உப்புக்காற்று, பெட்டி துருப்பிடிக்கும் என்று தள்ளினார்கள். மணலி புதுநகரில் இறங்கிய குழு, மூக்கில் கைக்குட்டையை வைத்தபடியே ஜீப்பில் மறுபடி ஏறியது. திருவொற்றியூரில் இறங்கவே இல்லை. 'இந்த வட்டாரத்துக் காற்று நுண்ணிய கருவிகளுக்கு உகந்ததல்ல. மனிதர்கள் வசிக்க ஆட்சேபணை இல்லை' என்று அறிக்கை கொடுத்தார்கள். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

ஜெயவேலும் இருந்த இடத்திலேயே இருந்தான். ஒருநாள் மத்தியானம் குவியல்மேல் மூச்சு வாங்கக் குந்தியவன் எழுந்திருக்கவில்லை. தமீம் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினான். மருத்துவ அலுவலர் வந்து பார்த்து, "பருவநிலை முற்றியிருக்கு" என்றார். மேலாளரும் வந்தார். அவன் தோளைத் தொட்டார்.

"பெட்டி தொறந்த அன்னிக்கே முதல் உத்தரவு உங்களோடதுதான். நான் வாக்குத் தர்றேன்" என்றார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. கரி பட்டதால் கலங்கியது என்று சொல்ல வழியில்லை. அங்கே தூசி கிடையாது.

*

தை மாதம் தலைமை அலுவலகத்து இயக்குநர் தளத்தைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. காகிதமில்லாத தளம் என்று பேச்சு அடிபடுகிறதே, அதைக் கண்ணால் பார்க்கவேண்டுமாம். காலை பத்து மணிக்கு வருகிறார். ஒன்பது மணிக்கு மேலாளர் ஐரீனின் அறைக்குள் பதறிக்கொண்டு வந்தார். புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மருத்துவ அலுவலரும் ஷாகுல் ஹமீதும் பின்னாலேயே வந்தார்கள். கேங்கு வரிசையில் நின்றது.

"அந்த மெக்கானிக் பையன் என்னம்மா சொன்னான்?"

"ஊதினா ஓடும்னான் சார்."

"ஊதுங்க."

"சுத்தம் பண்ணலாமா சார்?"

"யாரு சுத்தம் பண்ணச் சொன்னது? சுத்தம் பண்ணணும்னா அசுத்தம் இருந்ததுன்னு ஆயிடும்." மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒரு மனுஷன் மூச்சு விடறான். எதிர்ல பெட்டி இருக்கு. மூச்சு அது பாட்டுக்கு உள்ள போகுது. இதுல நிர்வாகம் சம்பந்தப்படலை."

ஐரீன் திருகாணிகளைக் கழற்றினாள். "நானே ஊதிடறேன் சார்" என்று குனிந்தாள்.

"நிறுத்துங்கம்மா" என்றார் ஷாகுல் ஹமீது. "கேங்கு இருக்கும்போது எழுத்தர் ஊதறதா? ஒப்பந்தம் இன்னாத்துக்கு?"

"அப்ப நான் ஊதறேன்" என்று தமீம் முன்னால் வந்தான்.

"நீ சிக்னலு. விசில மட்டுந்தான் நீ ஊதலாம். ஊதறது எழுதப்படாத வேல. எழுதப்படாத வேலைக்கு ஆளு யாரு?"

எல்லாரும் ஜெயவேலைப் பார்த்தார்கள்.

"வேணா மாமு" என்றான் தமீம் மெதுவாக. "அவனுங்க கெடக்கறானுங்கோ. நீ வூட்டுக்குப் போ."

ஜெயவேல் பெட்டியைப் பார்த்தான். அதற்குள்தான் அவனுடைய நாற்காலி இருந்தது. கேட்டோரத்து வேப்பமர நிழல் இருந்தது. படுத்துத் தூங்குகிற தூக்கம் இருந்தது. அதை யார் எடுத்துக் கொடுத்தால் என்ன?

"ஊதறேன்" என்றான்.

முதல் ஊதல் ஐரீனின் மேசைத்துணியை அசைத்ததோடு சரி. இரண்டாவதற்குக் கறுப்பாக ஒரு நூல் எழுந்து அடங்கியது. அவன் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நெஞ்சுக்குள் எங்கேயோ மடிந்து கிடந்ததையெல்லாம் வாரிச் சேர்த்து, கண் பிதுங்க, ஒரே மூச்சாக ஊதினான்.

பெட்டிக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு மேகம் குப்பென்று கிளம்பியது. அறை இருண்டது. தமீம் தும்மினான். ஷாகுல் ஹமீது தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மேகம் மேலாளரைச் சுற்றி நின்று, நிதானமாக அவர்மேல் இறங்கியது.

மூடி எழும்பியது. பொத்தான் அமுங்கியது. விசிறி பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று ஓடியது. நீல வானம் வந்தது. கோடு முக்கால் தூரம் போய், நிற்காமல் மீதி கால் தூரமும் ஓடி முடித்தது. வானம் விலகிற்று. டிங்கென்று ஒரு சங்கீதம் கேட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். ஜெயவேல் தரையில் குந்தி இருமிக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை.

"சார், உங்க சட்டை" என்றாள் ஐரீன்.

மேலாளர் குனிந்து பார்த்துக்கொண்டார். "இந்தச் சட்டையே இப்படித்தான்" என்றார்.

வாக்குத் தவறாதவர் அவர். முதல் உத்தரவை எடுக்கச் சொன்னார். ஐரீன் தேடி எடுத்து வாசித்தாள். "ஜெயவேல், கரி வாருநர், மூச்சுத் திறன் குறைவு காரணமாக வாசல் சீட்டுப் பணிக்கு..."

"கொஞ்சம் நிறுத்தும்மா" என்றார் மருத்துவ அலுவலர்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"மூச்சுத் திறன் குறைவுன்னு எழுதினது நான்தான். ஒத்துக்கறேன். ஆனா இப்ப என் கண்ணால பாத்தேனே. ரிச்சி தெரு மெக்கானிக்கே பிரஷ் வேணும்னான். இவர் வெறும் வாயால ஊதியிருக்கார். நானும் படிச்சவன். பாத்ததை மறைச்சுக் கையெழுத்துப் போட என் மனசாட்சி இடம் குடுக்காது. இப்பேர்ப்பட்ட நெஞ்சை நாற்காலியில உக்கார வெச்சா அது தளத்துக்கே நஷ்டம்."

"அவரு இருமறாரு சார்" என்றாள் ஐரீன்.

"இருமறதுக்கும் பலம் வேணும்மா."

ஐரீன் மேலாளரைப் பார்த்தாள். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மருத்துவ விஷயத்தில் நிர்வாகம் தலையிடுவதில்லை என்பது கொள்கை முடிவு. 'குறைவு' என்று இருந்த இடத்தில் 'மிக நன்று' என்று ஐரீன் அடித்தாள். அவள் விரல் பட்டு ஓர் எறும்பு நசுங்கியது. வாசல் பணி போய், 'தற்போதைய பணியில் தொடரலாம்' என்று வந்தது.

அத்தோடு விட்டுவிட்டதாக நிர்வாகத்தைக் குறை சொல்லக் கூடாது. விசிறி மறுபடி அடைத்துக்கொள்ளலாம். எதனால் என்று சொல்ல முடியாது, ஆனால் அடைத்துக்கொள்ளலாம். அதனால் தினமும் காலையில் குவியலுக்குப் போகுமுன் ஜெயவேல் வந்து பெட்டியை ஒரு தரம் ஊதிவிட்டுப் போகவேண்டும். அதற்குத் 'துவக்க மூச்சர்' என்று தனியாக ஒரு பதவி உண்டாக்கினார்கள். கார் வந்து நிற்கிற சத்தம் கேட்பதற்குள் ஷாகுல் ஹமீது சுருக்கமாகப் பேசி முடித்தார்.

"தோழர்களே, இத்தனை வருஷப் போராட்டத்துல ஒரு தொழிலாளியோட மூச்சுக்கு நிர்வாகம் மொத தடவையா மதிப்பு குடுத்துகீது."

*

மூன்றாவது மாடி ஏற அன்று அதிக நேரம் பிடித்தது. ரமாபாய் வாசல்படியிலேயே நின்றிருந்தாள். தமீம் ஏற்கனவே ஃபோன் பண்ணி, பெட்டி திறந்துவிட்டது என்கிற வரையில் சொல்லியிருந்தான்.

"தொறந்துகிச்சாமே" என்றாள்.

"தொறந்துகிச்சு."

"நாற்காலி குடுத்தாங்களா?"

ஜெயவேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அவள் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தான்.

"பதவி குடுத்துகீறாங்கோ. காலைல போயி பொட்டிக்கு ஊதணும். அது அடைச்சிக்காம இருக்கணுமில்ல. அப்பால கரிக்குப் போவணும்."

ரமாபாய் காலிச் செம்பை வாங்கிக் கீழே வைத்தாள். அவள் திட்டப்போகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் திட்டவில்லை.

"சரி. அதுக்கு நீ ஊதற. உனுக்கு யாரு ஊதறது?"

அவன் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தான். இருமல் முந்திக்கொண்டது. அது முடிகிற வரையில் அவள் தலையணையைக் கையில் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றாள்.